ஆட்டோவில் ஏறாத ரகசியம்

அத்தியாயம் ஏழு

அன்று மாலை பாரியின் கடைக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். பின்னாளில் ஆளுக்கொரு பெயரைச் சேர்த்தும் விட்டும் பேசினார்கள். ஆகவே முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது. துறைமுகத்துச் சுங்க இலாகாவில் பெண் பயணிகளைச் சோதனையிடும் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ராயபுரம் கெங்கம்மா. அவருடைய தம்பியும் கடைக்காரனுமான பாரி. கெங்கம்மா துப்பு விசாரிக்கக் கிளம்பும்போதெல்லாம் வண்டியையும் வாயையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு உடன் வரும் ஷேர் ஆட்டோக்காரன் தவ்ஃபீக். குப்பத்துத் தலைவரான நாட்டார் பொன்னுரங்கம். அவரோடு கூட்டாகப் படகு வைத்திருக்கும் ஜெயவேல். குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக மாலைப் பாடம் நடத்தும் விம்கோ நகர்ப் பெண் மகிழினி. ஏழாவது ஆள் கிடையாது.

மற்ற எல்லோரும் வெளியே நின்றார்கள். திருவொற்றியூர்க் கடலோரக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்த அந்தக் கடைக்கு ஒரே வாசல்தான். அதன் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, முன்னால் மீன் ஐஸ் பெட்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். பின்பக்கம் சுவர். அதற்கும் பின்பக்கம் கடல்.

ஷட்டருக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாக மேலும் ஒரு மூட்டை உள்ளே தள்ளப்பட்டது. துண்டில் சுற்றிய லேப்டாப் கம்ப்யூட்டர். பாரி கையால் வாங்கப் போனான். வெளியே இருந்த பெண்ணின் குரல் சீறியது.

"கைல குடுக்க மாட்டேன். எடுத்து வச்சுக்கோ உன் சனியன! இனிமே என் வூட்ல நான் வாயத் தொறந்து பேசணும்."

காலையிலிருந்து இப்படியே வந்துகொண்டிருந்தன. மேசை நிறைந்து, அலமாரி நிறைந்து, இப்போது தரையில் கால் வைக்கும் இடமும் குறைந்துகொண்டு வந்தது. துறைமுகத்துக் கம்பெனி ஆபீசுகள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி, பழுது பார்த்து, படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியாகிற விலையில் கொடுப்பது பாரியின் தொழில். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தபோது மாலை போட்டு வரவேற்கப்பட்ட பெட்டிகள், இப்போது தவறு செய்த மருமகளைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விடுவதுபோலத் திரும்பிக்கொண்டிருந்தன.

"யக்கா," என்றான் தவ்ஃபீக், மூட்டைகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றபடி. "நம்மளையும் அந்த ஐஸ் பொட்டிக்குள்ள வச்சிருந்தா தேவல. வஞ்சிரம் மாதிரி ஃப்ரெஷ்ஷாவாவது இருந்திருப்போம்."

கெங்கம்மா கடையில் இருந்த ஒரே நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மேலே சுழன்ற விசிறி, இருந்த வெக்கையையே திருப்பித் திருப்பிக் கொடுத்தது.

விஷயம் இதுதான். ஒரு மாதமாகக் குப்பத்தில் எந்த வீட்டுப் பேச்சும் வீட்டுக்குள் நிற்கவில்லை. ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, இன்னொரு வீட்டில் கணவனுக்கு வந்த நோய், நாட்டார் தம் மனைவி செல்லம்மாவிடம் 'படகுக் கூட்டைப் பிரிச்சிடப் போறேன்' என்று சொன்னது, எல்லாம் மறுநாள் ஊரில் இருந்தது. பேச்சு வெளியேறிய வீடுகள் எல்லாவற்றிலும் பாரியின் கம்ப்யூட்டர் இருந்தது. மிஷின் ஒட்டுக் கேட்கிறது என்று குப்பம் தீர்மானித்துவிட்டது.

பஞ்சாயத்தின் தீர்ப்பும் சுருக்கமானது. கோயிலில் சாயங்காலப் பூசை மணி அடிக்கும் முன்பு, பாரி எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்: 'என் மிஷின் யார் வீட்டுப் பேச்சையும் வெளியே விடவில்லை.' செய்யாவிட்டால், அத்தனை மிஷின்களையும் தூக்கிக்கொண்டு கடையைக் காலி செய்ய வேண்டும். கோயிலிலிருந்து தட்டும் கற்பூரமும் வந்து, ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் தயாராக இருந்தன.

"அக்கா, நான் அணைச்சிடுறேன்," என்றான் பாரி. "என் மேல தப்பு இல்ல. ரெண்டு நிமிஷ வேலை. விட்டா அத்தனை பசங்க படிப்பும் போயிடும்."

"நம்ம வீட்டுல கற்பூரம் ஏத்துறதுக்கு ஆள் உண்டு," என்றார் கெங்கம்மா. "அணைக்கிறதுக்கு ஆள் கிடையாது."

பொய்ச் சத்தியம் செய்தால்தான் குற்றம் என்று பாரி நினைத்தான். சத்தியம் செய்யச் சொல்லி ஒருவர் கேட்கும் நிலைக்கு வந்ததே குற்றம் என்று கெங்கம்மா நினைத்தார். கற்பூரம் அணைத்தவனின் பெயர் அதன் பிறகு வெறும் பெயராக இருப்பதில்லை. 'அன்னைக்குக் கற்பூரம் அணைச்சானே, அவன்' என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். அந்த வால் பிள்ளைக்கும் வரும், பேரனுக்கும் வரும்.

"அக்காளும் தம்பியும் வூட்டுக்குப் போயி பேசிக்கோங்க," என்றார் பொன்னுரங்கம். அவர் உட்காரவும் இல்லை, சாயவும் இல்லை. வெள்ளை வேட்டியில் கொடிக்கம்பம்போல நின்றார். "நானும் இங்க மாட்டிகினு கீறேன் கெங்கம்மா. பதில் இல்லாம வெளிய போனா ஜனம் என்னை வுடாது."

"அப்ப பதில் சொல்லுங்க நாட்டாரே. படகைப் பிரிக்கிற யோசனை உங்களுக்கு ஏன் வந்துச்சு?"

"இவனாலதான்." அவர் ஜெயவேலைப் பார்க்காமலே கையைக் காட்டினார். "அவன் வூட்ல ஒக்காந்துகினு என்னைக் கெழட்டு நங்கூரம்னு சொன்னான். நானும் நவுர மாட்டேனாம், படகையும் நவுர வுட மாட்டேனாம். எங்கப்பன் எறக்குன படகும்மா அது."

ஜெயவேலின் முகம் கறுத்தது. மறுக்கவில்லை. கெங்கம்மா அதைக் கவனித்து வைத்துக்கொண்டார். வேறு ஒன்றையும் கவனித்தார். அதை உடனே கேட்கவில்லை.

"தவ்ஃபீக், உன் வண்டியில ஏறாத வதந்தி உண்டா?"

"இன்னா யக்கா இப்டி கேட்டுட்ட? தண்டையார்பேட்டைல ஒருத்தன் தும்முனா, நான் இங்க வந்து வண்டி நிறுத்தறதுக்குள்ள ஆயுசு நூறுன்னு பதில் வந்துரும்."

"மாப்பிள்ளை பார்த்த கதை, நோய் கதை, படகு கதை. இதுல எது உன் வண்டியில ஏறுச்சு?"

தவ்ஃபீக் வாயைத் திறந்தான். மூடினான். அது அபூர்வமாக நடக்கும் காரியம்.

"ஒன்னுகூட ஏறல யக்கா," என்றான். "இன்னைக்கு இங்க வந்துதான் கேள்விப்பட்டேன். எனக்கே அசிங்கமா போச்சு."

"வெளிய டீக்கடைக்காரரு?"

"அவுரும் இன்னைக்குத்தான் கேட்டாராம். ரொம்ப மனசொடிஞ்சு போய்க் கீறாரு."

ஊரெல்லாம் தெரியும் என்கிறார்கள், ஆனால் ஊரைச் சுமந்து போகும் ஆட்டோவுக்குத் தெரியாது. ஊரை உட்கார வைத்து டீ கொடுப்பவருக்கும் தெரியாது. மிஷின் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பிய பேச்சு, மிஷின் இருக்கும் வீட்டுக்கு மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கிறது. நடுவில் தெருவைத் தொடவே இல்லை.

கெங்கம்மா ஜெயவேலின் பக்கம் திரும்பினார். "நாட்டார் படகைப் பிரிக்கப் போறாருன்னு உனக்கு யார்ப்பா சொன்னது?"

"கடக்கரைல பேசிகினாங்க."

"யாரு?"

"நாலு பேரு."

"நாலு பேருக்கும் பேர் வச்சிருப்பாங்களே."

ஜெயவேல் ஷட்டரைப் பார்த்தான். வழி இல்லை. தரையைப் பார்த்தான். அங்கேயும் கம்ப்யூட்டர். பதில் சொல்லத் தெரியாதவன் செய்வதையே அவனும் செய்தான், கோபப்பட்டான்.

"என்னையே கேளுங்க! இவுரு இன்னா பெரிய யோக்கியரா? போன வாரம் இவுரு வூட்ல ஒரு பொம்பளைய நிக்க வச்சுப் பத்தரத்துல கையெழுத்து வாங்கினாங்க. 'எம் புள்ளைங்களத் தெருவுல வுட்றாதீங்க'ன்னு அது கதறுது. இவுங்க பாட்டுக்குச் சாப்புட்டுகினு, கொழம்பு ஊத்துன்னு சொல்லிகினு கீறாங்க!"

பொன்னுரங்கத்தின் முகத்தில் முதன்முதலாகக் குழப்பம் தெரிந்தது. "எந்தப் பொம்பளடா?"

"எனக்கு இன்னா தெரியும்? அழுதாளே!"

தவ்ஃபீக் தொண்டையைச் செருமினான். "ஜெயவேலு மாமு, அழுதுட்டு கடைசில 'இந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்'னு சொன்னாளா?"

"ஆமா! உனக்கெப்டி தெரியும்?"

"எங்க வூட்லயும் சொன்னா. அது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்து டி.வி. சீரியலு மாமு. எங்கம்மா அவளோட சேந்து அழுதுட்டு, எனக்கு ரசத்துல உப்பு போட மறந்துட்டாங்க."

மகிழினி சிரிப்பை அடக்கத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாரிகூடச் சிரித்தான். கெங்கம்மா சிரிக்கவில்லை. ஜெயவேலுக்கு எந்த நாலு பேரும் சொல்லவில்லை. சொல்பவர்கள் டி.வி. என்று சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அவன் வீடு கடைசி பிளாக். நாட்டார் வீடு முதல் பிளாக்கின் மூன்றாவது மாடி. சுவரில் காது வைக்க முடியாது. ஆனாலும் தன் காதால் கேட்டிருக்கிறான். கண்ணால் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் எழுந்து, நாட்டார் கொண்டுவந்து வைத்த மூட்டையின் அருகே போனார். "இதை எப்பக் கடைசியா உபயோகிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம் பேரன் நிதிஷு படிச்சான். அப்பால துண்டு போட்டு மூடிட்டோம். இன்னைக்கு ஒருத்தரும் தொடல. செத்த முன்னாடி அப்டியே பிடுங்கித் தூக்கியாந்தேன்."

கெங்கம்மா துண்டுக்கு அடியில் கையை விட்டார். எத்தனையோ பெட்டிகளின் அடித்தட்டைத் தடவிப் பார்த்துப் பழகிய கை அது. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த இட்லிப் பானையின் மூடிபோல மிஷின் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்து மூட்டையையும் தொட்டார். அதற்கும் பக்கத்து மூட்டை. கடைசியாக வந்தது எல்லாவற்றையும்விடச் சூடு.

"பாரி. யாரும் தொடாத மிஷின் ஏன் சுடுது?"

"அது நான் சொன்ன யோசனைக்கா!" பாரியின் குரலில் பெருமை ஏறியது. "கடல் காத்துல உப்பு ஈரம் இருக்கில்ல, அது உள்ள படிஞ்சா போர்டு பச்சை பிடிச்சுப் போயிடும். மிஷின் எப்பவும் சூடா இருந்தா படியாது. அதான், அணைக்கவே அணைக்காதீங்க, மேல மெல்லிசா ஒரு துண்டு மட்டும் போடுங்கன்னு வாங்குற எல்லாருக்கும் சொல்லி அனுப்புவேன். மூடுனாலும் தூங்காதபடி பண்ணி வச்சிருக்கேன். ஒரு மிஷின்கூட இன்னும் பாழாகல."

"வேற என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஆன் பண்ணா நேரா மகிழினி க்ளாஸ் தொறக்கும். பெத்தவங்களுக்குத் தேடித் தொறக்கத் தெரியாதில்ல. மொட்டைமாடி வைஃபை எல்லா பிளாக்குக்கும் வருது. நம்ம கடைக்கும் அதுதான்."

கெங்கம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "மகிழினி, நீ பாடத்தை எப்படிம்மா முடிப்பே?"

"நேரம் ஆனதும் வெளிய வந்துடுவேன் மேடம்."

"பிள்ளைங்க?"

"அவங்களும் போயிடுவாங்க."

"போனதைப் பார்த்தியா?"

மகிழினி யோசித்தாள். "பார்த்ததில்ல. ஆனா நல்ல பசங்க மேடம். மறுநாள் நான் க்ளாஸ் திறக்கும்போது எனக்கு முன்னாடியே எல்லாரும் உள்ள இருப்பாங்க. ஒருத்தர்கூட லேட்டா வந்ததே இல்ல. படிப்புல அவ்ளோ ஆர்வம்னு காலேஜ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன்…"

அவள் குரல் தேய்ந்தது. அவளுக்கே புரியத் தொடங்கிவிட்டது.

"பாடம் நடக்கும்போது அவங்க மைக்?"

"நான் மூடி வச்சிருப்பேன். முடிக்கும்போதுதான் திறக்கச் சொல்லுவேன். எல்லாரும் சேர்ந்து 'நன்றி அக்கா'ன்னு சொல்லுவாங்க. மரியாதை பழகணும்னு நான்தான்…"

"நன்றி சொல்லிட்டு மைக்கை மூடுவாங்களா?"

பதில் அந்தக் கடை முழுவதும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் நன்றி சொல்லிவிட்டுத் துண்டை எறிந்து மூடி, விளையாட ஓடியிருக்கிறார்கள். மிஷின் அணையவில்லை, பாடமும் மூடவில்லை, மைக்கும் மூடவில்லை. ஒரு மாதமாகக் குப்பத்தின் வீடுகளெல்லாம் துண்டுக்கு அடியில் ஒரே கூடமாக இருந்திருக்கின்றன.

"யா அல்லா," என்றான் தவ்ஃபீக் மெதுவாக. "என் பொழப்புக்குப் போட்டியா ஃப்ரீ சர்வீஸ் நடந்துகினு இருந்திருக்கு."

பாரி ஐஸ் பெட்டியின் மேலிருந்த தட்டைப் பார்த்தான். ஷட்டரின் இடைவெளியில் அதன் விளிம்பு தெரிந்தது.

"அக்கா… நான் அணைச்சிருந்தேன்னா?"

பொய்ச் சத்தியம் ஆகியிருக்கும். மிஷின் ஒட்டுக் கேட்கவில்லை என்று கள்ளமில்லாமல் நம்பி, கடவுள் சாட்சியாகப் பொய் சொல்லியிருப்பான். கெங்கம்மா நிமிர்ந்தே நின்றார்.

"இதெல்லாம் வாய்ப்பேச்சு," என்றான் ஜெயவேல் அவசரமாக. "நிரூபிக்க முடியுமா?"

"முடியும். ஜெயவேலு, எல்லாரும் மிஷினைத் திருப்பிக் கொடுத்தாச்சு. உன்னுது எங்கே?"

"வூட்ல. பொண்ணு கீர்த்தி படிக்கணும்."

"ரொம்ப நல்லது. பாரி, நாட்டார் மிஷினுக்குக் கரண்ட் கொடு. இந்தப் பக்க மைக்கை மட்டும் மூடி வை."

பாரி கொடுத்தான். திரை விழித்தது. மகிழினியின் பாட அறை தானாகத் திறந்தது. பிள்ளைகளின் பெயர் வரிசையாக நிற்கும் இடத்தில், மற்ற மிஷின்கள் எல்லாம் பேட்டரி செத்துக் கடையில் அணைந்து கிடந்ததால், ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. கீர்த்தி. படம் கறுப்பு, துண்டின் கறுப்பு. கெங்கம்மா கையைத் தூக்கி அமைதி காட்டினார்.

முதலில் பாத்திரம் நகர்கிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல், யாருடனோ போனில்.

"…எங்காளு அங்கதான்டீ கீறாரு, கடைக்குள்ள. மிஷினத் திருப்பிக் குடுக்கலாம்னா வுட மாட்டேன்றாரு. தெனமும் சாப்புட்டு முடிச்சதும் அந்தத் துண்டுக்குப் பக்கத்துல காத வச்சுகினு ஒக்காந்துருவாரு. நாட்டார் வூட்ல இன்னா கொழம்புன்னு நம்மளுக்கு முன்னாடி அவுருக்குத் தெரியும். இன்னைக்கு மூஞ்சிய எப்டி வச்சுகினு நிக்கறாரோ…"

ஜெயவேலின் மனைவி உதயாவின் குரல் அது. அறையில் அதை அடையாளம் தெரியாதவர் இல்லை. கெங்கம்மா சட்டென்று மிஷினை மூடி, இணைப்பையும் பிடுங்கினார்.

"யக்கா, இப்பதான் சூடு புடிச்சுது—"

"அடுத்த வீட்டுப் பேச்சு. போதும்."

ஜெயவேல் தலையைத் தொங்கப்போட்டான். பொன்னுரங்கம் ஓர் அடி முன்னால் வந்தார். இடம் இருந்திருந்தால் இன்னும் நாலு அடி வந்திருப்பார்.

"த்தூ! திருட்டுப் பயலே. வூட்டு ஆம்பளையாடா நீ? அடுத்தவன் அடுப்படில காத வச்சுகினு…" அவர் ஷட்டரை நோக்கித் திரும்பினார். "இந்தக் கதைய ஜனத்துக்கு நானே சொல்றேன்."

"நாட்டாரே," என்றார் கெங்கம்மா. குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தினார். "ஜெயவேல் உங்களைக் கெழட்டு நங்கூரம்னு சொன்னது அவன் வீட்டுல."

"ஆமா."

"நீங்க அப்போ அங்க இல்லை."

பொன்னுரங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். வேட்டியின் மடிப்புகூட அசையவில்லை, காது மடல்கள் மட்டும் சிவந்தன. ஜெயவேல் மெல்லத் தலையைத் தூக்கினான். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "மணியாவுது!" என்று கத்தினார்கள்.

"தானா காதுல வுழுந்துச்சு," என்றார் நாட்டார் கடைசியில்.

"விழும். எல்லார் காதுலயும் விழுந்திருக்கும். வெளிய நிக்கிறவங்க கோபம் மிஷின் மேல மட்டும் இல்லை. அவங்களுக்கும் தெரியும், அவங்க என்ன கேட்டாங்கன்னு."

நாட்டார் மகிழினியைக் கண்ணால் காட்டி, தணிந்த குரலில் சொன்னார். "ஒரு வழி கீது. மைக்கத் தொறக்கச் சொன்னது இந்தப் பொண்ணு. அத்தோட தப்புன்னு சொல்லிடலாம். அது இந்தக் குப்பத்துப் பொண்ணு இல்ல. நாளைக்கு இங்க வர வேண்டியதில்ல. உன் தம்பி பேரும் தப்பிக்கும், என் பேரும் தப்பிக்கும்."

மகிழினியின் முகம் வெளுத்தது. பாரி எதுவோ சொல்ல வந்து, அக்காளைப் பார்த்து நின்றான். கெங்கம்மாவுக்கு அந்த வாசல் தெளிவாகத் தெரிந்தது. உள்ளேயிருந்து திறக்கக்கூடிய ஒரே வாசல் அதுதான். தம்பிக்குச் சத்தியமும் இல்லை, பழியும் இல்லை. அந்த வழியே போனால் ஆறு பேரில் ஐந்து பேர் நிமிர்ந்து போகலாம்.

"எங்க வீட்டுப் பேரைக் காப்பாத்த இன்னொரு வீட்டுப் பொண்ணை விலையாக் கொடுக்க மாட்டோம்," என்றார் கெங்கம்மா. "ஷட்டரைத் தூக்கச் சொல்லுங்க."

தவ்ஃபீக் குனிந்து இடைவெளி வழியாகக் குரல் கொடுத்தான். ஐஸ் பெட்டிகள் நகர்கிற சத்தம் கேட்டது. ஷட்டர் இடுப்பு உயரம் ஏறி நின்றது. ஜெயவேல் குனிந்து வெளியேறப் போனான்.

"முழுசாத் தூக்கச் சொல்லு," என்றார் கெங்கம்மா. "நான் குனிஞ்சு வர மாட்டேன்."

முழுசாகத் தூக்கினார்கள். வெயில் முகத்தில் அறைந்தது. கருவாட்டு வாடையோடு கடல் காற்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்து துண்டுகளைப் படபடக்கச் செய்தது. கெங்கம்மா படியில் நின்று, நடந்ததைச் சொன்னார். துண்டு, சூடு, மூடாத பாடம், மூடாத மைக். யார் வீட்டுப் பெயரையும் சொல்லவில்லை. ஒரே ஒருவன் பெயரைத்தான் சொன்னார்.

"மிஷின் வேவு பார்க்கலை. ஆனா பேச்சு மிஷின் வழியாத்தான் போச்சு. அணைக்க வேண்டாம்னு உங்களுக்குச் சொன்னவன் என் தம்பி பாரி. நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னான், ஆனா அதோட பாதியைத்தான் யோசிச்சான். தப்பு அவனுது. அதுக்கு அவன் உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பான். சத்தியம் பண்ண மாட்டான்."

பாரி முன்னால் வந்து கும்பிட்டான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெண் கத்தினாள்: "மன்னாப்பு கேட்டா ஆச்சா? கற்பூரம் கற்பூரம்தான்!"

"சரி," என்றார் கெங்கம்மா. "ஏத்துங்க."

பாரி திடுக்கிட்டு அக்காளைப் பார்த்தான். நாட்டாரின் தம்பி மகன் தீக்குச்சியைக் கிழித்தான். கட்டிக் கற்பூரம் பற்றி, மஞ்சளாக எழுந்து நின்றது. சுற்றி நின்றவர்களின் உடம்பே காற்றை மறைத்தது.

"துண்டுக்கு அடியிலேர்ந்து அடுத்த வீட்டுப் பேச்சு வந்தப்ப, காதை மூடிக்கிட்டு எழுந்து போனவங்க யாராவது இருந்தா வாங்க," என்றார் கெங்கம்மா. "ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லைன்னு சொல்லி, இதை அணைங்க. அப்படி ஒருத்தர் வந்தா, நாங்க இந்த நிமிஷமே கடையைக் காலி பண்றோம்."

கத்திய பெண் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள் தன் காலைப் பார்த்தாள். ஜெயவேல் வானத்தைப் பார்த்தான். எல்லாக் கண்களும் கடைசியில் நாட்டாரிடம் போய்ச் சேர்ந்தன. அவர் அணைத்தால் விஷயம் முடிந்தது, அவர் வாக்குக்கு மறுவாக்கு அங்கே இல்லை. பொன்னுரங்கத்தின் வலது கை தட்டை நோக்கி லேசாக எழுந்தது. கெங்கம்மா அவர் கண்ணைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், கடைக்குள் பேசியதை வெளியே விட்ட குற்றம் தம்மையும் சேரும்.

கை இறங்கி, வேட்டியின் மடிப்பைச் சரி செய்துகொண்டது.

"என்னால ஆவாது," என்றார் நாட்டார், எல்லோருக்கும் கேட்கும்படி. அந்த இரண்டு சொற்களைச் சொல்ல அவருக்கு என்ன செலவாகியிருக்கும் என்பது கெங்கம்மாவுக்குத் தெரியும்.

அதன் பிறகு யார் வருவார்கள்? கோயில் மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்குள் நுழைந்து, மூட்டைகளுக்கு நடுவில் தங்கள் துண்டைத் தேடத் தொடங்கினார்கள். பாரி ஒவ்வொருவருக்கும் பாடத்தை எப்படி மூடுவது என்று காட்டினான். மகிழினி பக்கத்திலேயே நின்று, மைக்கை எப்படி மூடுவது என்று காட்டினாள். ஜெயவேலும் நாட்டாரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே திசையில், படகுகள் நிற்கும் பக்கமாக நடந்தார்கள்.

அன்றைய கற்பூரத்தைப் பாரிதான் அணைத்தான் என்று காசிமேட்டில் இன்றும் சொல்கிறார்கள். கடல் காற்று அணைத்தது என்று எண்ணூரில் சொல்கிறார்கள். இரண்டும் பொய். அதை யாரும் அணைக்கவில்லை. அது எரிந்து தீர்ந்தது.